ஹெல்பர் ஃபங்ஷனை கிளாஸுக்குள்ளேயே விட்டுவையுங்கள்: கோடிங் ஸ்டாண்டர்ட் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவினருக்கு வணக்கம்.

‘ஹெல்பர் ஃபங்ஷன் எதுவும் கிளாஸுக்குள் இருக்கக் கூடாது, எல்லாம் யூட்டில்ஸில் பப்ளிக் ஸ்டேட்டிக்காகத்தான் இருக்க வேண்டும்’ என்ற உங்கள் விதி மணலி கண்டெய்னர் யார்டு கேட்டில் என்ன செய்தது என்று ரிப்போர்ட் வந்திருக்கும். அதில் வராததை எழுதுகிறேன். திறந்த மடல் என்பதால் வெளியாருக்கு இரண்டு வரி: கிளாஸ் என்பது ஒரு பொருளின் தரவும் அதற்கான கோடும் சேர்ந்த தொகுப்பு, ஹெல்பர் அதற்குச் சின்ன வேலை செய்து தரும் ஃபங்ஷன், யூட்டில்ஸ் எல்லோருக்கும் பொதுவான ஹெல்பர் கிளாஸ். பிரைவேட் என்றால் அந்த கிளாஸ் மட்டும் கூப்பிடலாம், பப்ளிக் என்றால் யாரும் கூப்பிடலாம், ஸ்டேட்டிக் என்றால் கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்காமலே கூப்பிடலாம்.

கண்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் எண்ணைச் சரிபார்க்க, முந்தையவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு சோதனை இலக்கம். கண்டெய்னர் எண்ணுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6346 கணக்கில் ஏ-க்கு 10, பி-க்கு 12. 11, 22, 33 மூன்றையும் தாண்டிப் போக வேண்டும். இந்த எழுத்து மதிப்பைத் தரும் சின்ன ஃபங்ஷன், கண்டெய்னர் கிளாஸுக்குள் பிரைவேட்டாக, யார் வம்புக்கும் போகாமல் கிடந்தது. உங்கள் உத்தரவுப்படி அதைப் பிடுங்கி யூட்டில்ஸில் போட்டோம். ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்க்க பில்லிங் டீமுக்கும் எழுத்து மதிப்பு தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் பி-க்கு 11, இடைவெளியே இல்லாமல் இசட் 35 வரை போகும். தேடினார்கள், கிடைத்தது, 12 என்பதை பக் (கோட் பிழை) என்று நினைத்துத் ‘திருத்தினார்கள்’. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பப்ளிக் என்று போட்டுவிட்டு யாரும் தொடாதே என்றால் எப்படி?

எல்லோரும் காட்டும் உதாரண எண்ணான சிஎஸ்கியூயு 305438-க்குச் சோதனை இலக்கம் 3 வர வேண்டிய இடத்தில் 7 வந்தது. நாலாவது எழுத்து பெரும்பாலும் யு, அதன் மதிப்பும் மாறிவிட்டதால் தப்பித்த பெட்டி சொற்பம். ராத்திரியெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஊர்ந்து வந்த டிரைவர்களிடம் ‘நம்பர் தப்பு’ என்றது சிஸ்டம். “நம்பரு பொட்டி மேலயே எழுதிக்கீது, கண்ணு தெரியலயா உங்க கம்ப்யூட்டருக்கு?” என்று ஒருவர் கேட்டார். கேட்டில் இருந்த பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஒரே ஒரு கிளாஸுக்குத் தேவையான ஹெல்பர் அந்த கிளாஸிலேயே பிரைவேட்டாக இருக்கட்டும். கேட்பது அவ்வளவுதான். ஆப்ஜெக்டின் நிலையை, அதாவது அது வைத்திருக்கும் தரவை, தொடாதது என்றால் பிரைவேட் ஸ்டேட்டிக். பிரைவேட்டை டெஸ்ட் பண்ண முடியாது என்கிறீர்கள். எண் சரியா என்று சொல்லும் பப்ளிக் மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை) டெஸ்ட் பண்ணினால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே சோதிக்கப்படும். 2017-ல் வந்த ஜாவா 9, வெளியே காட்ட வேண்டியதைப் பட்டியலிடும் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே பிரைவேட் மெத்தட் வைக்க விட்டுவிட்டது. மொழியே இறங்கி வந்தது, கமிட்டிதான் வரவில்லை.

நிஜமாகவே பொதுவானவை வெளியே இருக்கட்டும், அதில் தகராறில்லை. ஜாவாவும் கலெக்ஷன்ஸ், மேத் என்று பொது ஹெல்பர் கிளாஸ்கள் வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரிகிறது. நம் யூட்டில்ஸோ காயலான் கடை. தேதி ஃபார்மட், வரிக் கணக்கு, எஸ்எம்எஸ், எல்லாம் ஒரே குவியல். ஓஎம்ஆர் ஏசி அறையில் விதி எழுதுகிறவர்கள் ஒருநாள் மணலி கேட்டில் நின்று பார்க்கலாம். டீ நான் வாங்கித் தருகிறேன்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்து மதிப்பை மறுபடி கண்டெய்னர் கிளாஸுக்குள் பிரைவேட்டாக வைக்கும் புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றக் கோரிக்கை) உங்கள் ரிவ்யூவில் நிற்கிறது. விதியைக் காட்டி மூடிவிடாமல், அடுத்த கூட்டத்திலாவது எடுத்துப் பார்க்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மணலி யார்டு டீமில் ஒருவன்