ஜாதகத்தை நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

"இங்க ஒண்ணும் சரிப்பட்டு வரலைம்மா, நீங்களே ஒரு பொண்ணு பாருங்க" என்று போன வாரம் ஜெர்மனியிலிருந்து போனில் சொன்னாயே, அந்த வார்த்தைக்காக அப்பா எவ்வளவு காலம் காத்திருந்தார் தெரியுமா? மறுநாள் காலையிலேயே ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பெண் பார்த்து முடிப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. எங்கள் கல்யாணமும் அப்படி நடந்ததுதான். ஆனால் நீ கேட்ட குரல் கல்யாண ஆசையில் கேட்ட குரலாக எனக்குப் படவில்லை. நவம்பர் மாதம், சாயந்திரம் நாலரைக்குள் இருட்டு, வாசலில் குளிர், பேச ஆளில்லை. அந்தச் சலிப்பில் கேட்டாய். பெற்றவளுக்கு அது தெரியாதா?

உனக்கு ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே கொடுக்கிற வேலை அனுமதி, இருப்பதால் வருகிற பெண்ணுக்கு ஜெர்மன் பரீட்சைகூட வேண்டியதில்லை, வந்ததுமே வேலைக்கும் போகலாம் என்று ஆறுதல் சொன்னாய். சட்டம் அப்படி இருக்கலாம். விசாவுக்கு வேண்டாத மொழி, டாக்டரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா? யேனாவில் நீ இருக்கிற லோபெடா பகுதியில் உன் மாடிப்படியில் எதிரே வருகிறவரிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா? அங்கேயே மாஸ்டர்ஸ் படித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்த உனக்கே, ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஒரு வீடு இல்லை என்கிறாய். நாங்கள் பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ பார்த்து அனுப்பும் பெண்ணுக்கு அங்கே யார் இருப்பார்கள்? நீ ஒருத்தன்தான். நீ காலையில் ஏழு மணி ட்ராமைப் பிடித்துப் போனபிறகு அவள் யார் முகத்தைப் பார்ப்பாள்? உன் தனிமையைத் தீர்க்க இன்னொருத்தி மகளைத் தனிமையில் கொண்டுபோய் விடுவதற்கு என் மனசு ஒப்பவில்லை. நான் உன் ஜாதகத்தை வரன் பார்க்கப் பதிவு செய்யாததற்குக் காரணம் இதுதான், வேறொன்றும் இல்லை.

டிண்டர் என்கிற ஜோடி தேடும் ஆப்பில் வந்த முகமே திரும்பத் திரும்ப வருகிறது என்றாய். வராமல் என்ன செய்யும்? யேனா மொத்தமும் சுமார் 1,10,000 பேர் இருக்கிற ஊர். அதில் கணிசமான பேர் மாணவர்கள், உன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள், படிப்பு முடிந்ததும் பெர்லினுக்கோ லைப்ஸிக்குக்கோ போய்விடுகிறவர்கள். உன் வயதில் அங்கேயே தங்கியிருப்பவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு கூட்டம் இருக்கும். அந்த வட்டம் வெளியாளுக்குச் சட்டென்று திறக்காது. அது உன் மேல் உள்ள வெறுப்பும் இல்லை, உன் குறையும் இல்லை. சின்ன ஊர் எந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

கோடையில் நான் அங்கே வந்திருந்தபோது வாக்னர்காஸே தெருவில் காபி குடிக்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து மேஜையில் ஒரு வயதான ஜோடி. பரிமாறுகிற பெண் வந்து பில் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்டாள். அந்த அம்மா தன் பர்ஸைத் திறந்து சில்லறையை மேஜையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கூட இருந்த பெரியவர் தன் பங்குக்கு நோட்டை நீட்டினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, இந்த வயதில் என்ன சண்டையோ என்று நினைத்தேன். எழுந்து போகும்போது அவர் அந்த அம்மாவின் கோட்டைப் பிடித்துக் கொடுத்தார், அந்த அம்மா அவர் காலர் மடிப்பைச் சரிசெய்துவிட்டு அப்படியே கையைக் கோத்துக்கொண்டார். அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது அங்கே சாதாரணம் என்று அன்றைக்கு எனக்கு விளக்கம் சொன்னவன் நீ. அந்த நீயே, ஒரு பெண் தன் காபிக்குத் தானே காசு கொடுத்தாள் என்று "அவளுக்கு என்னைப் பிடிக்கலைம்மா" என்று முடிவுகட்டினால் எப்படி? இந்த வாரம் முடியாது, அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்று ஒருத்தி சொன்னால், அவள் உன் பெயரை டைரியில் எழுதிவிட்டாள் என்று அர்த்தம். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் நழுவுகிறார்கள். அங்கே தேதி சொன்னவர்கள் வருவார்கள். நீ அந்த வியாழக்கிழமை வரை பொறுக்காமல் அதற்குள் நாலு மெசேஜ் அனுப்பியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனாய், ஜெர்மன் கவிஞர் ஷில்லர் கல்யாணம் செய்துகொண்ட சர்ச் என்று. நீ படித்த யூனிவர்சிட்டிக்கே அவர் பெயர்தான். 1790 பிப்ரவரியில் நடந்த கல்யாணம். அந்தப் பெண் ஷார்லோட்டோடு அவருக்குப் பழக்கம் தொடங்கியது 1787 டிசம்பரில், அதே ஸாலே ஆற்றங்கரையில் இருக்கிற ரூடோல்ஸ்டாட்டில். அடுத்த கோடை முழுக்க அந்தக் குடும்பத்தோடு பேச்சும் நடையும் வாசிப்புமாகப் பழகியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் பழகிப் பழகித்தான் நெருங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு போட்டோவை விரலால் தள்ளிப் பார்க்கிற இடத்தில் அந்தப் பழக்கத்துக்கு வழியே இல்லை.

ஆகையால் முதலில் மொழி. ஆபீஸில் இங்கிலீஷ் போதும் என்று ஜெர்மனில் பி1 நிலையிலேயே நின்றுவிட்டாய். பெரியவர்கள் படிக்கிற ஃபோக்ஸ்ஹோக்ஷூலேயில் சாயந்திர வகுப்பு இருக்கிறது என்று நீயே சொன்னாய். பி2-வில் சேர். அடுத்தது ஒரு சங்கம். ஜெர்மனியில் பாட்டுக்கும் மலையேற்றத்துக்கும் செஸ்ஸுக்கும் தோட்டத்துக்கும்கூட ஃபெரைன் இருக்கிறது. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே முகங்கள். உன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள், மே மாதம் லாய்ட்ரா பள்ளத்தாக்கில் காட்டு ஆர்க்கிட் பூக்கிறது, இதையெல்லாம் நீ ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாய். பெண் கிடைப்பாள் என்று கணக்குப் போட்டுப் போகாதே, அது முகத்தில் தெரிந்துவிடும். நடக்கப் பிடிக்கும் என்பதற்காகப் போ. உன் பிறந்தநாளுக்கு நீயே கேக் செய்து எடுத்துப் போ, அங்கே அதுதானே வழக்கம். நான் எழுதிக் கொடுத்த ரவா கேக் நன்றாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் உன் துரிங்கியா மாநிலத் தேர்தலில், வெளிநாட்டவர் குடியேறுவதை எதிர்க்கிற ஏஎஃப்டி கட்சி முதலிடம் வந்த அன்று ராத்திரி நீ போன் செய்தாய். அதிகம் பேசவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. நிறத்தைப் பார்த்துப் பதில் போடாதவர்கள் உண்டு, "நிஜமா எந்த ஊர்?" என்று முதல் வரியிலேயே கேட்டவர்கள் உண்டு என்றும் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் உன்னை நிரூபிக்கப் போகாதே. மரியாதை கிடைக்காத இடத்தில் ஒரு காபிகூடக் குடிக்காதே. ராத்திரி தாமதமானால் ட்ராமில் தனியாக வராமல் டாக்ஸி பிடி, காசு பார்க்காதே.

யாரோடாவது மனசு ஒத்துப்போனால், உனக்குக் கல்யாணம் வேண்டும் என்பதைச் சீக்கிரமே சொல்லிவிடு. கிழக்கு ஜெர்மனியில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் கல்யாணம் செய்யாத தாய் தகப்பனுக்குப் பிறக்கிறவை. அவர்களுக்கு அது சாதாரண வாழ்க்கை, அதில் குறை சொல்ல நான் யார்? உனக்கு அப்படி இருக்க மனசில்லை என்றால் மூன்று வருஷம் கழித்துச் சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம். அவள் ஜெர்மன்காரியோ, கேரளாவோ, பிரேசிலோ, எனக்கு ஒன்றுதான். அப்பாவுக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தை என்ன சொல்வாள் என்று நீ யோசிக்க வேண்டாம். யார் என்பதை மட்டும் மறைக்காதே. பெயரைச் சொல், என்ன சாப்பிடுவாள் என்று சொல், போதும்.

அடுத்த கோடைக்குப் பிறகும் "நீங்களே பாருங்க" என்று நீ சொன்னால், அன்றைக்கே பீரோவைத் திறக்கிறேன். அப்போது வருகிற பெண்ணுக்கு அந்த ஊர் மொழி தெரிந்த ஒரு புருஷனும், போய் வர நாலு வீடும் இருக்கும்.

பார்சலில் மிளகாய்ப்பொடியும் அதிரசமும் வைத்திருக்கிறேன். வகுப்பில் சேர்ந்த ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா