ரிசர்வ் எல்லாம் லாபமா?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தது. மீனாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று முதல் மாதம் அழுவாள், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டாள் பார். எனக்கு முழங்கால் வலி. மற்றபடி எல்லோரும் சுகம்.

ஜொமாட்டோவின் பழைய ஆண்டறிக்கையைப் புரட்டிவிட்டு, "வருஷா வருஷம் நஷ்டம் என்கிறார்கள், ரிசர்வ் மட்டும் ஆயிரக்கணக்கான கோடி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ரிசர்வ் என்றால் பங்கு மூலதனம் போகப் பங்குதாரர்கள் கணக்கில் நிற்கும் மிச்சத் தொகை. அது சம்பாதித்த பணம் இல்லையப்பா, பங்கு வாங்கியவர்கள் போட்டது. பங்கின் முகமதிப்புக்கு (பங்குக்குக் கம்பெனி குறித்த அடிப்படை விலை) மேல் அவர்கள் கொடுத்த தொகையை நம் ஊர்க் கணக்கில் செக்யூரிட்டீஸ் பிரீமியம் என்பார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் அடிஷனல் பெய்டு-இன் கேபிடல் என்று எழுதுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

2021 ஜூலையில் ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல்முறை பங்கு விற்பது) வந்தபோது ஜொமாட்டோ பங்கின் முகமதிப்பு 1 ரூபாய், விற்ற விலை 76. புதுப் பங்கு விற்றுக் கம்பெனி திரட்டியது 9,000 கோடி. வகுத்துப் பார்: சுமார் 118 கோடிப் பங்குகள். பங்கு மூலதனத்தில் ஏறியது வெறும் 118 கோடி ரூபாய், மிச்சம் 8,880 கோடி சொச்சமும் பிரீமியம். ரிசர்வ் பற்றிய குறிப்பைத் திறந்தால், இதன் பக்கத்திலேயே சேர்ந்துபோன நஷ்டம் மைனஸில் நிற்கும். இரண்டையும் கூட்டி வந்த ஒற்றை எண்ணைத்தான் நீ பார்த்திருக்கிறாய். டிவியில் "ரிசர்வ் பலமாக இருக்கிறது" என்பவர்கள் இதைப் பிரித்துச் சொல்வதே இல்லை, எனக்கு எரிச்சலாக வரும்.

அதே ஐபிஓவில், ஜொமாட்டோவில் முன்பே முதலீடு செய்திருந்த இன்ஃபோ எட்ஜ் கம்பெனி தன் கையிலிருந்த பங்குகளில் 375 கோடிக்கு விற்றது. அந்தப் பணம் இன்ஃபோ எட்ஜுக்கே போயிற்று. ஜொமாட்டோவின் பிரீமியத்தில் ஒரு பைசா சேரவில்லை. 2022 மே மாதம் வந்த எல்ஐசி வெளியீடு இன்னும் வேடிக்கை. முகமதிப்பு 10, விலை 949. ஆனால் விற்றது முழுக்க மத்திய அரசின் பங்கு, சுமார் 21,000 கோடியும் அரசுக்கே. எல்ஐசிக்குப் பாலிசி பிரீமியம் தெரியும், இந்தப் பிரீமியம் அன்று வரவில்லை!

பங்குச் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு அசையாது. 2022 ஜூலையில் ஜொமாட்டோ 50 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. அதனால் பிரீமியம் குறையவில்லை. நீ விற்று நான் வாங்கினால் கம்பெனிக்கு என்ன வந்தது?

இந்தப் பணத்தை டிவிடெண்டாகத் தரவும் முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு எதற்கெல்லாம் எடுக்கலாம் என்று கட்டிப்போட்டிருக்கிறது: போனஸ் பங்கு, வெளியீட்டுச் செலவு, பைபேக் (கம்பெனி தன் பங்கையே திரும்ப வாங்குவது) மாதிரிச் சில. பழைய நஷ்டத்தை இதில் கழிக்க வேண்டுமென்றால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும்.

உன் மச்சான் 'இலவசம்' என்று குதிக்கும் போனஸ் பங்கும் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது. பிரீமியத்தில் கழித்து மூலதனத்தில் கூட்டுவார்கள், பங்குகளின் எண்ணிக்கை கூடும், கம்பெனிக்குள் புதுப் பணம் எதுவும் வராது. அவரிடம் பக்குவமாகச் சொல், கோபக்காரர்.

ஐப்பசியில் ஊருக்கு வருகிறோம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
ராமு