தவழ்கிறவளின் கணக்கு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய பதினேழு படங்களையும் பார்த்தேன். பொம்மை, பால் புட்டி, தரை துடைக்கும் திரவம், தொட்டில், மழைக்கோட்டு. ஒவ்வொன்றின் கீழும் "இது விஷமா அம்மா?" என்ற ஒரே கேள்வி. முப்பது வருடம் இதே வேலையில் இருந்தவள், ஆம் இல்லை என்று சொல்லிவிடுவேன் என நினைத்திருப்பாய். சொல்ல மாட்டேன். உன் கேள்வி பாதிக் கேள்விதான்.

ஒரு பொருளுக்குள் ஒரு நச்சு இருப்பது வேறு. அது அங்கிருந்து கிளம்பி உன் மகளின் உடம்புக்குள் போய்ச் சேர்வது வேறு. நடுவில் உள்ள பாதையை அளப்பதுதான் நான் செய்த வேலை. மூச்சு வழியா, வாய் வழியா, தோல் வழியா? எவ்வளவு, எத்தனை நாள்? தாளில் பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்குதான். காற்றிலோ நீரிலோ உள்ள நச்சின் அளவை, உள்ளே போகும் காற்று அல்லது நீரின் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுக்க வேண்டும். எடைக்கு 70 கிலோ, குடிக்கும் நீருக்கு நாளைக்கு 2 லிட்டர், மூச்சுக் காற்றுக்கு 20 கன மீட்டர் என்று ஒரு சராசரி மனிதரை வைத்துத்தான் நீண்ட காலம் கணக்குப் போட்டோம். அந்த மனிதரை நான் எங்கேயும் சந்தித்ததில்லை. உன் மகள் நிச்சயமாக அவர் இல்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அவள் நம்மைவிட அதிகம் மூச்சு விடுகிறாள், அதிகம் குடிக்கிறாள். அவளுடைய உலகம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டுத் தூசி எல்லாம் வந்து இறங்குவதும் அங்கேதான்.

என் வேலையின் ஆரம்ப வருடங்களில் நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். காற்றை அளந்தேன், வேலை நேரத்தைக் கேட்டுக் குறித்தேன், கணக்குப் போட்டேன். எல்லாம் வரம்புக்குள் இருந்தது. அறிக்கையைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். பிறகு தொழிலாளர்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஈயம். என்ன தவறு என்று மறுபடியும் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஈயத்தூள் படிந்த கையோடு சிகரெட்டைப் பிடித்து உதட்டில் வைத்தார்கள். அதே கையால் சாப்பிட்டார்கள். மாலையில் அதே உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கினார்கள். நான் மூச்சை மட்டும் அளந்திருந்தேன். ஈயம் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் தடவையே எழுதியிருக்க வேண்டியது அது.

இந்தத் துறை முழுவதுமே இப்படித் தலையில் குட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டது. 1980களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நியூ ஜெர்சியின் பேயோன், எலிசபெத் போன்ற ஊர்களில் மக்களின் உடம்பிலேயே காற்று சேகரிக்கும் சிறு கருவிகளை மாட்டிவிட்டது. பெட்ரோலிய, ரசாயன ஆலைகள் நிறைந்த பகுதி; புகைபோக்கிகள்தான் குற்றவாளி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பல நச்சு ஆவிகள் வெளிக்காற்றைவிட மனிதர்களைச் சுற்றியும் வீட்டுக்குள்ளும்தான் அதிகம் இருந்தன. பென்சீன் சிகரெட்டிலிருந்து வந்தது, டெட்ராகுளோரோஎத்திலீன் உலர்சலவைக்குப் போய்வந்த துணியிலிருந்து, குளோரோஃபார்ம் குளோரின் கலந்த வெந்நீர்க் குளியலிலிருந்து. ஆலைகளுக்கு இதனால் நற்சான்றிதழ் கிடைத்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையின் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். எதைத் தேடுகிறாய் என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பிஸ்ஃபீனால் ஏ, தாலேட் போன்ற ரசாயனங்கள் சில மணி நேரத்திலேயே பெருமளவு வெளியேறிவிடும். ஒரு நாள் சிறுநீர் அந்த நாளின் கதையை மட்டும் சொல்லும். மறுநாள் எண் தலைகீழாக மாறியிருக்கும், நீ மறுபடியும் தூக்கம் கெடுவாய். ஈயம் அப்படி இல்லை. அதன் ஒரு பகுதி எலும்பில் போய் உட்கார்ந்து பல்லாண்டு தங்கும். இரத்தத்தில் உள்ளது அண்மை மாதங்களைக் காட்டும். அமெரிக்காவில் 1976க்கும் 1980க்கும் இடையில் பெட்ரோலில் சேர்த்த ஈயம் குறைந்தபோது மக்களின் சராசரி இரத்த ஈயம் 37 சதவீதம் சரிந்ததும் இப்படி இரத்தத்தை அளந்ததால்தான் தெரிந்தது. ஆகவே சிறுநீர் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி இரத்த ஈயம் ஒன்றை மட்டும் பார்த்துவிடு.

காரணம் அந்தத் தொட்டில். பதினேழு படங்களில் என்னைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான். யாரோ கொடுத்த பழைய தொட்டில் என்கிறாய். மேல் கம்பியில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, நடுவில் பல் பதிந்த தடம் தெரிகிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருப்பது வழக்கம். நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கிளம்பாதே. கம்பியில் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தூளாக்கி வீடு முழுக்கப் பரப்பிவிடுவாய். அவளை வேறு படுக்கைக்கு மாற்று, தொட்டிலை அப்படியே மூடி வெளியே வை. தரையை ஈரத்துணியால் துடை. உலர்ந்த துடைப்பம் தூசியை எழுப்பிவிடும். புட்டியில் கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றாதே. மழைக்கோட்டு அவள் வாய்க்கு எட்டாமல் தொங்கினால் போதும். மற்றப் படங்களுக்கு இப்போது பதில் வேண்டாம், எனக்கும் கண் வலிக்கிறது.

அதற்குப் பதிலாக ஒன்று செய். நாளை ஒரு மணி நேரம் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கை எத்தனை முறை வாய்க்குப் போகிறது என்று கோடு போட்டு எண்ணு. அந்த வயதுக் குழந்தைகளுக்கு மணிக்குச் சுமார் 20 முறை என்று நாங்கள் கணக்கில் வைப்போம். அவள் எத்தனை, கையில் அப்போது என்ன இருந்தது என்று எழுதி அனுப்பு. தொட்டில் எந்த வருடத்தது என்று கொடுத்தவர்களிடமும் கேள்.

அன்புடன்,
அம்மா