ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இதை வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை. வீட்டுத் தபால் பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கிவிடுமோ என்றுதான்.

நீயும் அம்மாவும் பார்த்த அந்தச் சீன நாடகத்தை, ஜென் ஹுவான் கதையை, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன். 76 பாகம். அப்போது நாற்காலியில் தூங்கிக்கொண்டே "இது எப்போதான் முடியும்" என்று கேட்டவன் நான். இப்போது ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன், திட்ட ஆள் இல்லை. 2011இல் வந்த நாடகம், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி இன்னமும் சாப்பிடும்போது அதைத்தான் போடுகிறார்.

அம்மாவுக்கு அதில் வரும் அரசரின் மனைவிகளில் ஹுவா ஃபெய்யைத்தான் பிடிக்கும். "திமிர் பிடிச்சவதான், ஆனா மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வாயில ஒண்ணு பேச மாட்டா" என்பாள். எனக்கு இப்போதுதான் அவள் கதை சரியாகப் புரிந்தது. அரசர் அவளுக்கென்றே ஒரு வாசனைத்தூள் கொடுத்திருக்கிறார். வேறு எந்த மாளிகையிலும் அந்த வாசனை கிடையாது. அந்தப் பெருமையில் நாள் தவறாமல் அறையில் அதைப் புகை போடுகிறாள். அதில் கலந்திருப்பது கஸ்தூரி. அண்ணன் நியன் கெங்யாவ் பெரிய தளபதி. அந்த வீட்டு ரத்தத்தில் ஒரு வாரிசு பிறந்தால் சிம்மாசனத்துக்கு ஆபத்து என்று, புருஷனே வருஷக்கணக்கில் அவளுக்குக் குழந்தை தங்காமல் செய்திருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று சுவரில் தலையை மோதிச் செத்துப்போகிறாள். எல்லாம் கதைதான். சரித்திரத்தில் யோங்செங் அரசரின் அந்தப்புரத்தில் இருந்த நியன் வீட்டுப் பெண்ணுக்கு 4 பிள்ளைகள் பிறந்து, நாலும் சின்ன வயதிலேயே போய்விட்டன. தளபதியைத் தானே உயிரை விடச் சொல்லி அரசர் உத்தரவு போட்டது நிஜம்தான். அம்மாவின் கஸ்தூரி மஞ்சள் டப்பா இன்னும் குளியலறையில் இருக்கிறது. அந்த ராத்திரியில் எழுந்துபோய் அதைத் திறந்து மோந்து பார்த்தேன். வெறும் கிழங்கு. சிரிக்காதே.

உன் பாஸ்போர்ட்டை நீயே வைத்துக்கொள். பொதுவாகச் சொல்கிறேன்.

அம்மாவின் முதல் திதிக்கு நீ பேசவில்லை. கைகூப்பிய படம் ஒன்று மட்டும் வந்தது. உன் பெர்த்திலும் இங்கே பட்டர்வொர்த்திலும் ஒரே மணிதான், அந்தப் பெய்ஜிங்கிலும் அதே மணிதான், அதனால் நேரத்தைக் குறை சொல்ல முடியாது. பேசினாலும் கேமராவை அணைத்துவிடுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். இங்கே தாமான் முழுக்க என் மகள் பெர்த்தில் அக்கவுண்டன்ட் என்று சொல்லித் திரிகிறேன். எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியிருக்கிறார் என்கிறேன். உன் முகத்தைப் பார்த்து எட்டு மாசம் ஆகிறது.

வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட், வங்கி அட்டை, டிகிரி எல்லாம் ஒரே பையில், உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஆபீஸில் பூட்டி வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது.

நாடகத்தில் ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வரும். ஜென் ஹுவானுக்கு அரண்மனைக்குப் போக இஷ்டமே இல்லை, ஆனாலும் தேர்வாகிவிடுகிறாள். செத்துப்போன ராணியின் சாயல் அவள் முகத்தில் இருந்தது பின்னால்தான் தெரிகிறது. வீட்டுக்குத் திரும்பினால், பெற்ற அப்பாவே மகள் முன்னால் மண்டியிடுகிறார், அவள் அரண்மனைப் பெண் ஆகிவிட்டாளே. அனுப்பி வைக்கும்போது அவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பட்டமும் பணமும் நமக்கு வேண்டாம், நீ பத்திரமாக இரு. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முந்தின வருஷம் மார்ச் மாதம் ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டாய். "அப்பா, நான் அங்க வந்துரட்டுமா?" என்றாய். நான் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்றேன். நீ சரிப்பா என்றாய். அப்புறம் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாய். நானும் சொன்னேன். அம்மா எழுந்து வந்து யார் போனில் என்றாள். ராங் நம்பர் என்றேன். அவள் போகும்வரை அதைச் சொல்லவே இல்லை.

உன் ரூமுக்குப் புது ஃபேன் மாட்டியாயிற்று. மாட்ட வந்த பையன் 80 ரிங்கிட் கறந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு டிவியை அணைத்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா

பி.கு. பேச முடியாவிட்டால் பரவாயில்லை. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுது.