ரெஜினாவின் தகப்பன் சொத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஹாலிவுட் படங்களில் வரும் சூழ்ச்சிக்காரப் பெண்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய சீரியல் வில்லிகளுக்கெல்லாம் அவர்கள்தான் பாட்டிமார் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எனக்கு அது ஒப்பவில்லை. முப்பத்திரண்டு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான்.

1945-இல் வந்த 'லீவ் ஹெர் டு ஹெவன்' பற்றி அவர் சொன்னது சரி. புருஷனின் தம்பி, கால் விளங்காத சிறுவன், ஏரியில் மூழ்குகிறான். கதாநாயகியாக வரும் ஜீன் டியர்னி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். புருஷன் தனக்கு மட்டுமே வேண்டும் என்ற வெறி. அதில் நியாயம் தேட என்னாலும் முடியாது.

ஆனால் வில்லியம் வைலர் 1941-இல் எடுத்த 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' வேறு. அதில் பெட்டி டேவிஸ் நடித்த ரெஜினாவைப் "பணப்பேய்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அவள் கையில் ஏன் பணம் இல்லை என்று கேட்கவே இல்லை. 1900-இல் அமெரிக்காவின் தென்பகுதியில் நடக்கிற கதை அது. தகப்பன் சொத்து முழுவதும் ஆண்பிள்ளைகள் இருவருக்கும் போய்விட்டது. அண்ணன்மார் பஞ்சாலை கட்டப் பங்கு சேர்க்கும்போது, இவள் மட்டும் புருஷன் பணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

புருஷன் ஹொரேஸ் இதய நோயாளி. மருந்துப் புட்டி கை நழுவி உடைந்துவிடுகிறது. மாடியில் இருக்கும் இன்னொரு புட்டியைக் கேட்கிறார். ரெஜினா அசையவில்லை. கேமராவும் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவளுக்குப் பின்னால் அவர் தள்ளாடித் தள்ளாடி மாடிப்படி ஏறுவது மங்கலாகத் தெரிகிறது. அவர் விழுந்த பிறகுதான் கத்திக்கொண்டு ஓடுகிறாள். அது கொலைதான், மறுக்கவில்லை.

மகள் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 96-ஆம் வருடம் தை மாதம் நான் எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆறு மா நஞ்சை. தகப்பனார் காலமாகிவிட்டார், பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்று தங்கையைக் கூட்டி வந்திருந்தார் அண்ணன்காரர். "அதான் கல்யாணத்திலேயே சீர் செஞ்சாச்சே" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். அந்தப் பெண் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. மடியில் அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவைப் பை. நான் வாசித்துக் காட்டினேன். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் மனப்பூர்வமாக" என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம், "எங்கே போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டது. பெருவிரல் மையைத் துடைக்கத் துணி தேடியபோது, புடவைப் பையில் மை படாமல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. அவர்கள் 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் டெல்டாவில் எத்தனையோ தங்கைகள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். அந்த வாசகத்தை நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அந்தப் பெண் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ரெஜினா செய்தாள். ஆனால் இருவர் கதையும் தொடங்கிய இடம் தகப்பன் வீட்டுச் சொத்துதான். சீரியல் வில்லிக்கு அப்படி ஒரு காரணத்தை யார் எழுதுகிறார்கள்? பொட்டும் பின்னணி இசையும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கட்டுரையாளர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அடுத்து எழுதும்போது, அந்தத் தகப்பன் சொத்து யார் யாருக்குப் போனது என்பதையும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.