அந்த ஒரு தாளை மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் "ம்", "சரிப்பா" என்பதோடு வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லாரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். விதைப்பூண்டை விட்டத்தில் கட்டிப் புகைமூட்டம் போட்டிருக்கிறோம்.

போன மாதம் வந்தபோது அதன் அடியில் உட்கார்ந்துதான் பூண்டு உரித்தாய். போன் இரண்டு தடவை மின்னியது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாய். அப்புறம் உரித்து முடித்த ஒரே பல்லை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாய். புகை கண்ணைக் கரிக்கிறது என்றாய். பூம்பாறையில் பிறந்தவளுக்குப் புகை புதுசா?

உன்னிடம் கேட்கவில்லை. தம்பியிடம் கேட்டேன். பேர் தெரியாமல் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதி அனுப்பும் ஆப்கள் இருக்கிறதாம். பிள்ளைகளே அந்த லிங்க்கை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்களாம். என்ஜிஎல் என்ற ஆப்பைப் பற்றிப் படித்துக் காட்டினான். பிள்ளைகளுக்கு வந்த செய்திகளில் சிலவற்றை அந்த நிறுவனமே தயாரித்து அனுப்பியது என்று அமெரிக்க அரசு புகார் சொன்னது. 2024 ஜூலையில் 50 லட்சம் டாலர் கட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது. அனுப்பியவர் யார் என்று காட்டுவதாக வாரத்துக்குக் கிட்டத்தட்ட 10 டாலர் வேறு வாங்கியிருக்கிறார்கள். கட்டினாலும் பேர் வராதாம். யாருமே கேட்காத கேள்விக்கு எந்த வீட்டுப் பிள்ளையோ தூங்காமல் கிடந்திருக்கும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

உனக்கு அப்படி ஏதோ இருக்கிறது என்று சொல்லவில்லை. இருந்தால் பதில் எழுதாதே. அழித்தும் விடாதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. மிரட்டினால் சைபர் கிரைம் உதவி எண் 1930க்குப் போன் பண்ணு. பதில் மட்டும் எழுதாதே பாப்பா.

நம் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை 2019இல் எனக்கு வாசித்துக் காட்டியவள் நீ. பேங்க் தாளோ பட்டாவோ, எது வந்தாலும் உன் கையில்தான் கொடுப்பேன். ஊரே பார்த்தது. இப்போது தம்பியிடம் கேட்கும்படி வைத்துவிட்டாயே.

ஒரு தாளை மட்டும் உன்னிடம் காட்டவில்லை. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. கொடைக்கானல் பஸ்ஸில் உன்னை ஒரு பையனோடு பார்த்ததாக நாலு வரி. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திண்டுக்கல்லுக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போகவிடாமல் நிறுத்தினேன். தோட்டத்தில் ஆள் இல்லை என்று சொன்னது பொய். ஆள் இருந்தது. கடுதாசியைப் புகைமூட்டத் தீயில் போட்டேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கும் நான் வாய் திறக்கவில்லை. கண்ணெதிரே வளர்ந்த பிள்ளையை விட்டுவிட்டு, பேர் இல்லாத காகிதத்தை நம்பினேன். இப்போது நீ என்னிடம் எதையும் சொல்லவில்லை என்றால் உன்னை எப்படிக் குறை சொல்வேன்?

அடுத்த வாரம் வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டுபோகிறேன். மூட்டையை இறக்கிவிட்டு, அப்படியே மதுரைக்குப் பஸ் ஏறி உன் ஹாஸ்டலுக்கு வருகிறேன். அம்மா முறுக்கு சுட்டுத் தருகிறாள். நானாக எதுவும் கேட்க மாட்டேன். நீ சொன்னால், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பேன். வர வேண்டாம் என்றால் அதையாவது எழுது.

அப்பா