நீலச்சிறகியை மேலும் நீலமாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் படப் பகுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வாத்துக் கூட்டத்தின் படம் பார்த்தேன். பறக்கும் கூட்டத்தை ஃபோகஸ் தவறாமல் பிடிப்பது எளிதல்ல, எடுத்தவருக்குப் பாராட்டுகள். ஆனால் கணினியில் நிறத்தை ஏற்றியதில் நீலச்சிறகி வாத்துகள், தட்டைவாயன் என்ற வேறு இன வாத்துகளைப் போல மாறிவிட்டன. படக்குறிப்பிலும் தட்டைவாயன் என்றே அச்சாகியிருக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. அக்டோபர், நவம்பரில் வலசை வந்து இறங்கும்போது ஆண் வாத்துகளும் பெட்டைகளைப் போலப் பழுப்பாகவே இருக்கும். ஆண் நீலச்சிறகிக்கு வெள்ளைப் புருவம் திரும்ப வர மாதக்கணக்காகும். அதுவரை பறக்கும்போது அடையாளம் சிறகுதான். அதன் முன்சிறகு சாம்பல் கலந்த வெளிர் நீலம். பின்னால் பச்சைப் பட்டை; அந்தப் பட்டைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வெள்ளைக் கோடுகள். ஆண் தட்டைவாயனுக்கு முன்சிறகு நல்ல நீலம்; வெள்ளைக்கோடு பச்சைக்கு முன்னால் மட்டும் உண்டு, பின் ஓரத்தில் இல்லை. சேச்சுரேஷனை, அதாவது நிறச்செறிவைக் கூட்டினால் சாம்பல் நீலமாகிவிடும். வெளிச்சத்தை ஏற்றினால் பின் ஓர வெள்ளைக்கோடு வெளுத்த வானத்தோடு கரைந்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்ட மிச்சம் இருப்பது அலகின் வடிவம் ஒன்றுதான். தூரத்துப் படத்தில் அதுவும் தெரியாது.

எடுக்கும்போதே சரியாக எடுத்தால் இவ்வளவு திருத்தம் தேவைப்படாது. வாத்து காற்றை எதிர்த்துத்தான் எழும், இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் காலையில் சூரியனை முதுகுக்குப் பின் வைத்து நின்றால், இறங்கும் பறவைகள் முகத்தில் வெயில் விழ நம் பக்கம் வரும். மாலையில் மேற்கே நின்று எடுத்தால் வால்தான் கிடைக்கும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பறக்கும் வாத்து 1/500 நொடியில் 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுகிறது. 1/2000 நொடியில் 8 மி.மீ. தான். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடல் தெளிவாக விழும், அடிக்கிற சிறகின் நுனிக்கு அது உதவாது. அதனால் ஷட்டர் வேகம் 1/2000-க்குக் கீழே இறங்க வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன் அளவு) 1600 வரை போனாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், கலங்கிய சிறகைத் தெளிவாக்க வழியில்லை. வெளிச்ச அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், பறவை கோரைப்புல்லைத் தாண்டி வானத்துக்கு ஏறிய நொடியில் கேமரா வானத்தைப் பார்த்து அளவைக் குறைத்துவிடும், வாத்து கரிக்கட்டையாகும். எலக்ட்ரானிக் ஷட்டரும் பல கேமராக்களில் ஆகாது. சென்சார் வரிசை வரிசையாகப் பதிவதற்குள் சிறகு இடம் மாறி, வளைந்த கத்திபோல விழுகிறது. மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் கானல் எழும். அப்போது எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் கூர்மையாக்க முடியாது.

திருத்துவதில் வரிசை முக்கியம். ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூலத் தரவில்) முதலில் புள்ளிக்குறைப்பு, பிறகு ஒயிட் பேலன்ஸ் எனும் வெண்மைச் சமன். அதன்பின் ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளைக் குறைத்து வெள்ளைக்கோட்டை மீட்க வேண்டும். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் ஏற்கெனவே முட்டி நின்றிருந்தால் மீட்க அங்கே எதுவும் இருக்காது. அடிச்சிறகின் நிழலைக் கொஞ்சமாகத் தூக்கலாம், நிறைய தூக்கினால் அது சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். ஷார்ப்பனிங் எனும் கூர்மையாக்கலை, மற்ற பகுதிகளை மறைக்கும் மாஸ்க் போட்டுப் பறவைக்கு மட்டும் செய்ய வேண்டும். முழுப் படத்துக்கும் கொடுத்தால் வானம் பொரிப்பொரியாகி, சிறகைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும். தாங்கள் வெளியிட்ட படத்தில் முதல் வாத்தின் இடது சிறகு நுனியில் அந்த விளிம்பைக் காணலாம். சேச்சுரேஷன் ஸ்லைடரைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 6000 × 4000 பிக்சல் படத்தை 3000 × 2000-க்கு வெட்டினாலும் 10 அங்குல அகல அச்சுக்குப் போதும். பறவைக்கு முன்னால் இடம் விட்டு வெட்டுங்கள்.

கூட்டத்தில் குறுக்கே வந்த ஒரு பறவையை அழிப்பது, வேறு வானத்தை ஒட்டுவது இரண்டும் திருத்தத்தில் சேராது. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் ஊரில், படத்தில் உள்ள தலைகளை எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனவே வாசகர் படங்களுக்கான அறிவிப்பில், திருத்தாத மூலப் படத்தையும் எடுத்த தேதி, இடத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பறவையின் பெயரை மூலப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவி இடைப்பட்ட நிழல்கள் கறுக்கும் என்பது தங்கள் படப் பிரிவுக்குத் தெரிந்ததே. அதற்காக வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் போதும். நிறத்தைக் கூட்ட வேண்டாம். அந்தப் படத்தின் குறிப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேடவாக்கம், சென்னை